சுரங்கத் தண்ணீரும் சைபீரியக் குருவியும்

பத்து ரூபாய் நாணயம் ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். அதன் எடை எட்டுக் கிராமுக்கும் சற்றுக் குறைவு. ஏறக்குறைய அதே கனமுள்ள ஒரு குருவி, ஆண்டுதோறும் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் நெய்வேலிக்கு வந்து சேருகிறது. அது புறப்பட்ட இடம் சைபீரியாவின் காடாக இருக்கலாம். ரஷ்யாவின் மேற்குப் பகுதியாக இருக்கலாம். இமயமலைச் சரிவாகவும் இருக்கலாம். இரவெல்லாம் பறக்கிறது. பொழுது விடிந்ததும் ஏதாவதொரு புதரில் இறங்கிப் பூச்சி பிடித்துத் தின்கிறது. உடம்பில் கொழுப்புச் சேர்ந்ததும் மறுபடி ஓர் இரவு கிளம்புகிறது. இப்படியே தமிழ்நாடு வரை வந்துவிடுகிறது.

இதன் பெயர் பச்சைக் கதிர்க்குருவி. கூடவே அதன் உறவினர்களும் வருகிறார்கள். முக்கியமானவர் பிளித் நாணல் கதிர்க்குருவி. இவருக்குப் பதினோரு கிராம் எடை இருக்கும். பின்லாந்திலிருந்தும் பால்டிக் கடலோர நாடுகளிலிருந்தும் சைபீரியா வரையில் கோடைக் காலத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர் தொடங்கியதும் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்துவிடுவது இந்த இனத்தின் வழக்கம். பின்லாந்துக்கும் நெய்வேலிக்கும் நேர்கோடு போட்டாலே 4,000 மைலுக்கு மேல் இருக்கும். குருவி நேர்கோட்டில் வருவதில்லை என்பதையும் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும்.

இந்த விருந்தாளிகளுக்கு வரவேற்பு வளைவு கிடையாது. கோடிக்கரையில் பூநாரை இறங்கினால் பத்திரிகைகளில் படம் வருகிறது. வேடந்தாங்கலில் நாரை கூடு கட்டினால் ஜனங்கள் பஸ் பிடித்துப் போய்ப் பார்க்கிறார்கள். கதிர்க்குருவியைப் பார்க்க யாரும் போவதில்லை. பார்க்கவும் அதில் அப்படி ஒன்றும் இல்லை என்பதே உண்மை. முதுகு மங்கிய பச்சை, அல்லது மங்கிய பழுப்பு. வயிறு வெளுப்பு. கொண்டையும் இல்லை, நீண்ட வாலும் இல்லை.

ஆனால் இந்தக் குருவிகள் தங்கும் ஏரிகளின் பெயர், இந்தச் சில ஆண்டுகளாக அடிக்கடி செய்தியில் அடிபடுகிறது. அந்த ஏரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எத்தனை காலத்துக்கு வரும், அதில் என்ன கலந்திருக்கிறது என்று விவசாயிகள் கேட்கிறார்கள். விவசாயி கேட்கும் கேள்வியில் குருவியின் பிழைப்பும் அடங்கியிருக்கிறது. அது எப்படி என்று தெரிந்துகொள்ள, நெய்வேலியின் கதையைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும்.

முதலியார் தேடியது தண்ணீர்

1934-ஆம் ஆண்டு வாக்கில், நெய்வேலி நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியார் தம்முடைய நிலத்தில் தண்ணீருக்காகக் குழாய் இறக்கினார். தண்ணீருடன் கறுப்பாக ஏதோ வெளியே வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. பிறகு சர்க்கார் நிபுணர்கள் பல இடங்களில் துளையிட்டுப் பார்த்தார்கள். 1956 நவம்பரில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே 20-ந் தேதி பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். நாலு ஆண்டுகள் மண்ணை வெட்டி வெட்டி, 1961 ஆகஸ்டில்தான் கரி தட்டுப்பட்டது. 1962-ல் சோவியத் உதவியுடன் கட்டிய அனல் மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. (ரஷ்ய யந்திரம் நெய்வேலிக்கு வருவதற்கு வெகு காலம் முன்பே ரஷ்யக் குருவி வந்து போய்க் கொண்டிருந்தது. ஆனால் அதற்கு யாரும் ஒப்பந்தம் எழுதவில்லை.)

முதலியார் தேடியது தண்ணீர், கிடைத்தது கரி. சர்க்கார் தேடியது கரி. கூடவே கிடைத்தது தண்ணீர். எவ்வளவு தண்ணீர் என்றால், அதை வெளியேற்றாவிட்டால் கரியே எடுக்க முடியாது என்ற அளவுக்கு!

நெய்வேலியில் கரிப் படிவத்துக்குக் கீழே மணல் அடுக்கு இருக்கிறது. அந்த மணலுக்குள் தண்ணீர் அடைபட்டுக் கிடக்கிறது. மூடிய பாத்திரத்தில் நீராவி மூடியைத் தள்ளுவது போல, இந்தத் தண்ணீர் மேலே இருக்கும் கரியைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை அழுத்தம் என்பது பொறியாளர்கள் கணக்கு. மேலே உள்ள மண்ணை வெட்டி எடுத்துவிட்டால் மூடியின் கனம் குறைந்துவிடும். தண்ணீர் பீறிட்டுச் சுரங்கத்தையே மூழ்கடித்துவிடும். ஆகவே சுரங்கத்தைச் சுற்றிக் குழாய்க் கிணறுகள் போட்டு, இரவும் பகலும் பம்பு வைத்து இறைக்கிறார்கள். மழைக் காலத்தில் பள்ளத்தில் விழும் தண்ணீரையும் சேர்த்து இறைக்க வேண்டும். ஒரு டன் கரிக்கு ஐந்து கன மீட்டருக்கு மேல் மண்ணை அப்புறப்படுத்த வேண்டியிருப்பதால், பள்ளமும் சாதாரணப் பள்ளமல்ல.

இறைத்த தண்ணீரில் ஒரு பகுதி அனல் மின் நிலையத்துக்கும் நகரியத்துக்கும் போகிறது. பஞ்ச காலத்தில் சென்னைக்குக்கூட நெய்வேலித் தண்ணீர் போயிருக்கிறது. இன்னொரு பகுதி ஓடைகள் வழியே வெளியே விடப்படுகிறது.

பம்பு வளர்க்கும் ஏரி

வெளியே விடும் தண்ணீர் ஓடைகளில் விழுந்து பரவனாற்றில் சேருகிறது. பரவனாறு பெரிய நதி அல்ல. வரைபடத்தில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நெய்வேலி வட்டாரத்தில் தொடங்கி, வாலாஜா ஏரியைத் தொட்டு, குறிஞ்சிப்பாடி பக்கம் பெருமாள் ஏரியை நிரப்பி, கடலூர் அருகே கடலை அடைகிறது. அவ்வளவுதான் அதன் யாத்திரை. ஆனால் வழியில் உள்ள கிராமங்களுக்கு அதுதான் காவேரி.

சாதாரணமாகத் தமிழ்நாட்டு ஏரிக்கு ஒரு தாளம் உண்டு. ஐப்பசி அடைமழையில் நிரம்பும். தை, மாசியில் வற்றத் தொடங்கும். சித்திரையில் மாடு மேயும். நெய்வேலிக்குக் கிழக்கே உள்ள இந்த ஏரிகளில் அந்தத் தாளம் மாறிவிட்டது. மழை இல்லாத மாதத்திலும் சுரங்கத் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. அதனால் கோடையிலும் பயிர் செய்த கிராமங்கள் உண்டு. அதே தண்ணீர், சுரங்கத்தின் மேட்டு மண்ணையும் அரித்துக்கொண்டு வந்து ஏரியைத் தூர்த்துவிட்டது என்பது அதே கிராமங்களின் நெடுநாள் புகார். கொடுத்த கையே கெடுத்தது என்று சொல்வார்களே, அந்தக் கதை.

வாலாஜா ஏரி வெகு காலம் தூர்ந்து, ஏரி என்று சொல்லவே முடியாத நிலையில் கிடந்தது. 2013-ஆம் ஆண்டு வாக்கில் என்.எல்.சி. நிறுவனமே அதைத் தூர் வாரியது. தண்ணீர் நின்றது, பறவைகளும் வந்தன. நிறுவனம் அதைப் பெருமையுடன் சொல்லிக் கொள்கிறது. பெருமைப்படத் தக்க காரியம்தான். மறுப்பதற்கில்லை.

தண்ணீர் நின்றால் கதிர்க்குருவிக்கு என்ன? அது மீன் தின்கிறதா, நீந்துகிறதா? இரண்டும் இல்லை. அதற்கு வேண்டியது பூச்சி. ஏரியில் தண்ணீர் இருந்தால் கொசுவும் ஈயும் தத்துப்பூச்சியும் பெருகும். கரையோரத்துச் சம்பும் கோரையும் நாணலும் காயாமல் நிற்கும். கரை மேல் புதர் தழைக்கும். புழுவும் சிலந்தியும் அங்கே குடியேறும். எட்டுக் கிராம் உடம்பில் சேமிப்புக்கு இடம் கொஞ்சம்தான். அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் சாப்பிடும் கூலிக்காரன் நிலைமை அதற்கு. காலையிலிருந்து மாலை வரை தேடிக்கொண்டே இருக்க வேண்டும்.

இது வெறும் ஊகமல்ல. திருநெல்வேலி ஜில்லா முண்டந்துறைக் காட்டில் மதுசூதன் கட்டி என்ற ஆராய்ச்சியாளர் 1990-களில் இந்த இனக் குருவிகளைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். மழை, பூச்சி, குருவி மூன்றும் ஒரே சங்கிலி என்பது அந்த ஆராய்ச்சியில் புலப்பட்டது. மழை பொய்த்தால் இலையில் பூச்சி குறைகிறது; அது குருவியின் உடம்பில் தெரிகிறது. அதற்கு முன்பே, டிரெவர் பிரைஸ் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி கிழக்குத் தொடர்ச்சி மலையில் பச்சைக் கதிர்க்குருவிகளின் காலில் வளையம் மாட்டிக் கவனித்தார். 1981-ல் அவருடைய முடிவுகள் வெளிவந்தன. ஒவ்வொரு குருவியும் குளிர்காலம் முழுவதும் தனக்கென்று சில மரங்களை வைத்துக் கொண்டு, அடுத்த குருவியை உள்ளே விடாமல் விரட்டுகிறது! அடுத்த ஆண்டு பல ஆயிரம் மைல் போய்த் திரும்பி வந்து, அதே இடத்தையே பிடித்துக் கொள்கிறது. பட்டா இல்லை, சிட்டா இல்லை. ஆனாலும் அனுபோக பாத்தியதை உண்டு.

அடையாளம் காண்பது எப்படி?

கதிர்க்குருவியைப் பார்க்க விரும்புகிறவர் முதலில் காதைத் தீட்டிக் கொள்ள வேண்டும். கண்ணுக்கு அகப்படுவதற்கு முன் அது காதுக்கு அகப்பட்டுவிடும். புதருக்குள்ளிருந்து இரண்டு கூழாங்கற்களை லேசாகத் தட்டுவது போல “டக்… டக்…” என்று கேட்டால், அது பெரும்பாலும் பிளித் நாணல் கதிர்க்குருவி. அசையாமல் நில்லுங்கள். இரண்டு நிமிஷத்தில் இலைகள் ஆடும். பழுப்பு நிறத்தில் ஏதோ ஒன்று தாழ்ந்த கிளைக்குத் தாவும். அதற்குள் மறைந்துவிடும்.

இந்தக் குருவியின் பெயரில் நாணல் இருக்கிறதே தவிர, நம் நாட்டுக்கு வந்தபின் அது நாணலைத் தேடுவதில்லை. வேலி, தோப்பு, புதர் இவைதான் அதற்கு வீடு. ஏரிக்கரைப் புதரிலும் இருக்கும். நெய்வேலி நகரியத்தில் வீட்டு வேலிச் செடியிலும் இருக்கும். நிஜமாகவே நாணலிலும் சம்பிலும் வாழ்பவர் வேறொருவர். அவர் பெரிய நாணல் கதிர்க்குருவி. உருவமும் பெரிது, தொண்டையும் பெரிது. கரகரவென்று இரைச்சல் போடுவார்.

பச்சைக் கதிர்க்குருவி தரைக்கு வராது. வேப்ப மரத்திலும் புளிய மரத்திலும் உச்சி இலைகளுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். “சிவீ” என்று ஒரு கீச்சுக் குரல். கண்ணுக்கு மேலே வெளிர் நிறத்தில் புருவம் தீட்டியது போல ஒரு கோடு. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தால்தான் தரிசனம். நகரியத்தின் அகன்ற சாலைகளில் நிற்கும் மரங்கள் இதற்கு வெகு தோது. சுற்றுவட்டாரத்து முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும்கூட இதற்குப் பயன்பட்டவைதான். 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் வீசியபோது பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் அடியோடு சாய்ந்ததை ஜில்லா ஜனங்கள் இன்னும் மறக்கவில்லை. அது குருவிகள் நடுக் குளிர்காலத்துக்காகக் குடியேறியிருந்த சமயம்.

பிளித் என்பது யார் என்று வாசகர்கள் கேட்கலாம். எட்வர்டு பிளித், கல்கத்தாவில் ஆசியச் சங்கத்தின் பொருட்காட்சி சாலையை 1841 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் நிர்வகித்தவர். 1849-ல் இந்தக் குருவிக்கு விஞ்ஞானப் பெயர் சூட்டியவர் அவர்தான். டார்வினுக்குக் கடிதம் எழுதித் தகவல் கொடுத்தவர்களிலும் ஒருவர். சம்பளம் போதாமல் கஷ்டப்பட்டார் என்று சொல்வார்கள். கல்கத்தாவில் உட்கார்ந்துகொண்டு இத்தனை நுணுக்கமாகப் பழுப்புக் குருவிக்கும் பழுப்புக் குருவிக்கும் பேதம் கண்டதே பெரிய காரியம்.

கரையோரத்தில் இந்தக் குருவிகளுக்கு இடம் தரும் செடிகளில் ஒன்றைப் பற்றி இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. ஏரி, குட்டை, வாய்க்கால் எங்கும் மண்டிக் கிடந்து விவசாயியின் சாபத்தைச் சம்பாதித்த செடி அது. தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஆனால் தமிழ்நாடு முழுவதும் அதை அழைக்கும் பெயர் என்ன தெரியுமா? நெய்வேலிக் காட்டாமணக்கு!

கணக்கில் வராத பறவை

பறவைகளை எண்ணுவது இப்போது தமிழ்நாட்டில் நன்றாகப் பரவியிருக்கிறது. 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவை ஆர்வலர்கள் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். சர்க்கார் வனத் துறையும் மாநிலம் முழுவதும் ஒரே சமயத்தில் கணக்கெடுக்கிறது. ஈரநிலப் பறவைகளுக்கு ஒரு தடவை, நிலப் பறவைகளுக்கு ஒரு தடவை. பாராட்ட வேண்டிய ஏற்பாடு. ஆனால் ஏரிக்கரைப் புதரில் ஒளிந்திருக்கும் குருவி இரண்டு கணக்கிலிருந்தும் எளிதாக நழுவிவிடும். ஏரிக்குப் போகிறவர் கண்ணாடியைத் தண்ணீர் பக்கம் திருப்புகிறார். அங்கே வாத்தும் நாரையும் நூற்றுக்கணக்கில் தெரியும்போது, முதுகுக்குப் பின்னால் “டக்” என்ற சத்தத்தை யார் கேட்கிறார்கள்? நிலப் பறவைக்குப் போகிறவரோ ஏரிக்குப் போவதில்லை, காட்டுக்குப் போகிறார்.

2023-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது. வெகு தூரத்திலிருந்து வலசை வரும் பறவைகள் அதிகமாகக் குறைந்து வருகின்றன என்பது அதில் கண்ட கவலைகளில் ஒன்று. அந்த அறிக்கைக்கு ஆதாரம் ஆயிரக்கணக்கான சாதாரண ஜனங்கள் எழுதி அனுப்பிய குறிப்புகள். யாரும் எழுதாத ஏரிக்கு அதில் இடம் இராது.

சின்னக் குருவியை நம் நாட்டில் சர்வதேச ஸ்தாபனம் ஒன்றே தேடி வந்த காலமும் உண்டு. 1957-ல் மைசூர் ராஜ்யத்தில் ஷிமோகா ஜில்லா கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. மனிதர்களுக்கும் கடும் ஜுரம் கண்டது. உண்ணி கடித்துப் பரவும் ஜுரம். ரஷ்யாவில் உள்ள ஒரு நோயை இது ஒத்திருந்ததால், சைபீரியாவிலிருந்து வரும் பறவைகளே உண்ணியைச் சுமந்து வந்திருக்குமோ என்று உலக சுகாதார ஸ்தாபனம் சந்தேகித்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் பறவை வலசை ஆராய்ச்சிக்கு 1959-ல் அந்த ஸ்தாபனத்தின் உதவி கிடைத்தது அதனால்தான். சலீம் அலி தலைமையில் பறவைகளை வலையில் பிடித்து, காலில் வளையம் மாட்டி, உண்ணி பொறுக்கினார்கள். குருவிதான் குற்றவாளி என்று நிரூபணமாகவில்லை. ஆனால் குருவிகள் எங்கிருந்து வருகின்றன என்ற அறிவு அந்தச் சந்தேகத்தால் வளர்ந்தது. கோடிக்கரையில் பிற்காலத்தில் நடந்த பெரிய வளைய வேலைக்கெல்லாம் அதுவே வித்து.

சின்னக் குருவி எவ்வளவு சுலபமாக மறைந்துபோகும் என்பதற்கு இன்னொரு கதை. 1867-ல் ஹியூம் துரை இமயமலைப் பக்கம் சட்லெஜ் பள்ளத்தாக்கில் ஒரு நாணல் கதிர்க்குருவியைப் பிடித்தார். அலகு கொஞ்சம் பெரிதாக இருந்தது. (காங்கிரஸ் மகாசபையைத் தொடங்கிவைத்த அதே ஹியூம்தான். பறவைப் பித்து அவருக்கு அரசியலுக்கு முந்தியது.) அதன் பிறகு அந்த இனத்தை 139 ஆண்டுகள் உயிருடன் யாரும் காணவில்லை. 2006 மார்ச்சில் தாய்லாந்தில் பிலிப் ரவுண்டு என்பவரின் வலையில் அது சிக்கியது. எந்த இடம்? மலையல்ல, அடர்ந்த காடல்ல. கழிவு நீரைச் சுத்தப்படுத்தும் குளங்களின் கரை! அதற்கப்புறம் லண்டன் மியூசியத்தின் பழைய பெட்டியில் தேடினால், 1869-ல் இந்தியாவில் பிடித்த இன்னொன்று பிளித் குருவி என்ற தவறான சீட்டுடன் கிடந்தது.

மனிதன் தன் காரியத்துக்காக இறைத்துக் கொட்டிய தண்ணீரின் ஓரத்தில் எந்தப் பறவை வந்து உட்கார்ந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். பெருமாள் ஏரியும் வாலாஜா ஏரியும் அப்படிப்பட்ட இடங்கள்தான்.

வளையமாதேவியில் வெட்டிய வாய்க்கால்

இனி இன்றைய விவகாரத்துக்கு வரலாம். 2023 ஜூலை கடைசியில் சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில் கதிர் விடும் நெற்பயிருக்குள் மண் வெட்டும் யந்திரங்கள் இறங்கின. அந்தப் படத்தைத் தமிழ்நாடே பார்த்தது. நிலத்தை முன்பே கையகப்படுத்தி ஆகிவிட்டது என்றது நிறுவனம். நட்ட பயிர் அறுவடையாகும் வரை பொறுக்கக் கூடாதா என்றார்கள் விவசாயிகள். ஐகோர்ட்டும் அதே கேள்வியைக் கேட்டது. நெய்வேலியில் நடந்த போராட்டம் கலவரத்தில் முடிந்தது.

எதற்காக வெட்டினார்கள் என்பது பயிர் அழிந்த பரபரப்பில் பலருக்கு மறந்துவிட்டது. இரண்டாவது சுரங்கம் விரிவடைவதால், பரவனாற்றின் பாதையை மாற்றி விடுவதற்கான வாய்க்கால் அது. ஏரிகளுக்கு நீர் தரும் அதே பரவனாறு!

அதற்குச் சில மாதங்களுக்கு முன், 2023 மார்ச் கடைசியில், சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கிலுள்ள பகுதி உள்ளிட்ட மூன்று புதிய நிலக்கரிப் பகுதிகளை மத்திய சர்க்கார் ஏலப் பட்டியலில் சேர்த்திருந்தது. தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்ததும் அவை பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. ஆகவே ஒரு பக்கம் சுரங்கம் விரிகிறது. இன்னொரு பக்கம் அதற்கு எல்லை கட்டப்படுகிறது. 2070-க்குள் கரிப் புகைக் கணக்கை நேர் செய்வதாக இந்தியா 2021-ல் உலக மாநாட்டில் வாக்குக் கொடுத்திருக்கிறது. 1962-ல் தொடங்கிய முதல் அனல் மின் நிலையம் 2020-ல் மூடப்பட்டுவிட்டது. நெய்வேலி நிறுவனமே சூரிய மின்சாரத்தில் பணம் போடுகிறது. கரிக்கு ஒரு முடிவு நாள் உண்டு என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

அந்த நாள் வந்தால் பம்பும் நிற்கும். பம்பு நின்றால் ஏரி என்ன ஆகும்? அறுபது ஆண்டுகளாகச் சுரங்கத் தண்ணீரை நம்பிப் பழகிவிட்ட வாய்க்கால், அதை நம்பிப் பயிர் வைக்கும் கிராமம், அதன் ஓரத்தில் தழைத்த புதர், அந்தப் புதரை நம்பிச் சைபீரியாவிலிருந்து வரும் குருவி எல்லாம் ஒரே குழாயில் தொங்குகின்றன. சுரங்கத்தை மூடும் திட்டத்தில் பள்ளத்தை எப்படி நிரப்புவது, எத்தனை மரம் நடுவது என்றெல்லாம் எழுதுகிறார்கள். சுரங்கத்துக்கு வெளியே பல மைல் தள்ளி இருக்கும் ஏரிக்கு எவ்வளவு தண்ணீர், எந்த மாதம், யார் பொறுப்பில் என்பதையும் அதில் எழுத வைக்க வேண்டும். விவசாயிகள் சங்கங்கள் கேட்க வேண்டிய கேள்வி இது. பறவை ஆர்வலர்கள் அவர்களுடன் சேர்ந்து கேட்டால் பலம் கூடும். இரு தரப்பாரும் இதுவரை தனித்தனியே நிற்பதுதான் விசித்திரம்.

சிலந்தி வழியாக வரும் விஷம்

தண்ணீரின் அளவு ஒரு கேள்வி. குணம் இன்னொரு கேள்வி. 2023 ஆகஸ்டில் பூவுலகின் நண்பர்கள் அமைப்பும் மந்தன் அத்யயன் கேந்திரமும் ஓர் ஆய்வை வெளியிட்டன. சுரங்கங்களையும் அனல் மின் நிலையங்களையும் சுற்றியுள்ள தண்ணீரும் மண்ணும் மாசுபட்டிருப்பதாக அது கூறியது. பாதரசத்தைப் பற்றிய எச்சரிக்கையும் அதில் இருந்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து விஷயத்தை விசாரணைக்கு எடுத்துக் கொண்டது.

பாதரசம் என்றால் மீனைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுவார்கள். மீன் தின்னாத குருவிக்கு அதனால் என்ன? அமெரிக்காவில் வர்ஜீனியா மாகாணத்தில் சவுத் ரிவர் என்று ஒரு நதி. 1930 முதல் 1950 வரையில் கரையிலிருந்த தொழிற்சாலை ஒன்றிலிருந்து அதில் பாதரசம் கலந்தது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு டான் கிறிஸ்டல் என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் கரையோரத்துப் பாடும் பறவைகளின் ரத்தத்தைச் சோதித்தார்கள். மீனையே தொடாத குருவிகளின் ரத்தத்தில் பாதரசம் நிறைய இருந்தது! எப்படி வந்தது? சிலந்தி வழியாக. சிறு பூச்சிகளைத் தின்று தின்று சிலந்தியின் உடம்பில் பாதரசம் சேருகிறது. சிலந்தியைக் குருவி தின்கிறது. 2008-ல் வெளிவந்த இந்த முடிவு விஞ்ஞானிகளையே திகைக்க வைத்தது.

கதிர்க்குருவியின் சாப்பாட்டில் சிலந்தியும் உண்டு. இதைக் கொண்டு நெய்வேலிக் குருவிகளுக்கு விஷம் ஏறிவிட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அது நியாயமல்ல. சோதித்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும். ஆனால் தண்ணீரையும் மண்ணையும் மட்டும் சோதித்துவிட்டுத் திரும்பிவிடாமல், கரையோரச் சிலந்தியையும் ஒரு முறை சோதிக்கச் சொல்லலாம். அது அதிகச் செலவு பிடிக்கும் காரியமல்ல. ஏரிக்கரையில் மாடு மேய்க்கும் மனிதர்களும் அதே மண்ணில்தான் நடக்கிறார்கள்.

கரையைச் சுரண்டும்போது

இவற்றையெல்லாம் விட உடனடியான ஆபத்து ஒன்று இருக்கிறது. அதைச் செய்கிறவர்கள் நல்ல எண்ணத்துடன்தான் செய்கிறார்கள் என்பதால் அதைப் பற்றிப் பேசுவதே கஷ்டம். ஏரியைத் தூர் வாருவதைத்தான் சொல்லுகிறோம்.

பெருமாள் ஏரியைத் தூர் வார வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. தூர்ந்த ஏரியால் பாசனமும் கெடும். பெருமழையில் ஊரும் மூழ்கும். 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டி, கடலூர் ஜில்லா பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். ஆழப்படுத்துவதும் கரையை உயர்த்துவதும் அவசியமான வேலைகள்.

ஆனால் தூர் வாரும் யந்திரம் வந்தால் என்ன நடக்கிறது? நடு ஏரியில் மண் எடுப்பதோடு நிற்பதில்லை. உள்வாயில் நிற்கும் சம்பையும் கோரையையும் வழித்து எறிகிறார்கள். கரை மேலுள்ள புதரை எல்லாம் ஒட்டச் சுரண்டி, வழவழவென்று மண்ணைப் பூசி, “சுத்தம்” செய்து காட்டுகிறார்கள். ஒப்பந்தக்காரருக்கு அது கண்ணுக்குத் தெரியும் வேலை. பில் எழுதச் சௌகரியம். வாத்துக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. ஆழத் தண்ணீர் கிடைத்தால் அதற்குச் சந்தோஷம்தான். அடுத்த கணக்கெடுப்பில் வாத்தின் எண்ணிக்கை ஏறக்கூடச் செய்யும். ஏரி செழித்துவிட்டது என்று அறிக்கையும் வரும். கதிர்க்குருவிக்கு இருந்த இடமெல்லாம் போய்விட்டது என்பது எந்த அறிக்கையிலும் இராது.

மதகும் கலிங்கும் உள்ள பக்கம் கரை பலமாகவும் சுத்தமாகவும் இருக்கட்டும். அங்கே மரம் வேர் விட்டால் கரைக்கே ஆபத்து. ஆனால் ஏரியின் மேற்குப் பக்கம், தண்ணீர் மெல்ல ஏறி இறங்கும் உள்வாயில், ஒரு பகுதிச் சம்பையும் புதரையும் விட்டுவைத்தால் பாசனத்துக்கு எந்தக் குறையும் வராது. ஓரிடத்தில் வாரினால் அடுத்த இடத்தை இரண்டு ஆண்டு கழித்து வாரலாம். நெய்வேலிக் காட்டாமணக்கைப் பிடுங்கத்தான் வேண்டும். பிடுங்கிய இடத்தில் நொச்சியும் நாணலும் வைக்கலாம். இவ்வளவையும் வேலைக்கான ஒப்பந்தத்தில் நாலு வரியில் எழுதிவிட முடியும்.

இதில் இன்னொரு சங்கடம் காலத்தைப் பற்றியது. பங்குனியில் கதிர்க்குருவிகள் தின்று கொழுக்கத் தொடங்கும். அதுவரை “டக், டக்” என்று மட்டும் சொல்லிக் கொண்டிருந்த பிளித் குருவி, புறப்படும் நாள் நெருங்கியதும் புதருக்குள் உட்கார்ந்து மெல்லப் பாடிப் பார்க்கும். சித்திரை பிறந்த சில நாளைக்குள் ஒவ்வொன்றாக இரவில் கிளம்பிவிடும். தண்ணீர் குறைந்து, யந்திரங்கள் ஏரிக்குள் இறங்குவது வைகாசியில். அப்போது புதரில் சைபீரியக் குருவி ஒன்றுகூட இராது. கூடு கலைந்தது, குஞ்சு செத்தது என்று யாரும் புகார் சொல்ல முடியாது. கோடை முழுவதும் வேலை நடக்கும். புரட்டாசியில் ஓர் இரவு அந்தக் குருவி 4,000 மைல் கடந்து, போன வருஷம் தான் காவல் காத்த அதே புதரைத் தேடிக் கரையில் வந்து இறங்கும்.